சின்ன மருதுவின் ‘சின்ன’

நரிக்குடியை அடுத்த முக்குளத்தில் பிறந்த அண்ணன் தம்பியைப் பெரிய மருது, சின்ன மருது என்றுதான் நாடு அறியும். பெரியவருக்கு வேட்டையில்தான் நாட்டம், சிவகங்கைச் சீமை நிர்வாகம் சின்னவர் கையில் என்று கும்பினிப் படையதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் எழுதிவைத்தார். கும்பினியை எதிர்த்து எழுந்த 1801 ஜூன் மாதத் திருச்சி அறிக்கையைச் சொல்லும்போதும் சின்னவர் பெயர்தான் முன்னால் வருகிறது. இருந்தும் அவர் சின்ன மருதுதான். பிறப்பில் பின்னவர் என்பதற்கு மேல் அந்தச் ‘சின்ன’வுக்குப் பொருளில்லை. அப்பாவைவிட ஒரு சாண் உயரமாக வளர்ந்துவிட்டாலும் சித்தப்பா சித்தப்பாதானே. தமிழில் சிறுமை பெரும்பாலும் அளவைக் குறிப்பதில்லை. வரிசையை, பருவத்தைக் குறிக்கிறது என்பதே நம் வாதம்.

ரஷ்யன், ஸ்பானியம், இத்தாலியம் போன்ற மொழிகளில் ஒரு விகுதியை ஒட்டினால் வீடும் கரண்டியும் ஆளும் ஒரே முறையில் சிறுத்துவிடும். நமக்கு அப்படிப் பொது விகுதி இல்லை. பொருளுக்குப் பொருள் தனிச்சொல் இருக்கிறது. மாவுக்கு வடு, பலாவுக்கு மூசு, வாழைக்குக் கச்சல், தென்னைக்கும் பனைக்கும் குரும்பை என்று இளங்காய்ப் பெயர்களை மொழியறிஞர் பாவாணர் அடுக்கிக் காட்டினார். தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதோடு தொடங்குகிறது. திருச்சுழி வட்டாரத்து மானாவாரி மண்ணிலும் இதே வழக்கம்தான். கண்மாயைவிடச் சிறிய நீர்நிலையைச் ‘சின்னக் கண்மாய்’ என்று சொல்லி விட்டுவிடவில்லை. ஏந்தல் என்று தனிப்பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் முடியும் ஊர்கள் இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் மலிந்து கிடக்கின்றன.

விகுதி இல்லை என்றதும் ‘கொஞ்சூண்டு’, ‘துளியூண்டு’, ‘சின்னூண்டு’ எல்லாம் என்ன என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் இந்த ‘ஊண்டு’ ஏற்கெனவே சிறுமை சுட்டும் சொல்லோடுதான் சேர்கிறது. வீட்டூண்டு, மாட்டூண்டு என்று யாரும் சொல்வதில்லை. இருக்கும் சிறுமையை அது அழுத்துகிறது, புதிதாக எதையும் சிறிதாக்குவதில்லை. ‘சின்னப் புத்தி’யில் இகழ்ச்சி இல்லையா என்பது அடுத்த தடை. இருக்கிறது. ஆனால் ‘இவரு பெரிய இவரு’ என்பதில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது! இகழ்ச்சிக்குச் சிறுமைதான் வேண்டும் என்பதில்லை.

இதைவிடக் கனமான தடை ஒன்று உண்டு. ரஷ்யன் போன்ற அந்த மொழிகளில் சிறுமை விகுதி அன்பையும் சுமக்கிறது. ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் நாவலில் வரும் திமித்ரி, நெருங்கியவர்கள் வாயில் மீத்யா, இன்னும் குழைந்தால் மீத்யென்கா. அந்தக் குழைவுக்கு நாம் எங்கே போவது? நம் தெற்கத்திச் சீமையில் தவழும் பிள்ளையை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டாலே போதும். ஆண் பிள்ளை ‘ஐயா’, ‘ராசா’. பெண் பிள்ளை ‘தாயி’, ‘ஆத்தா’. தாத்தன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமுள்ள குடும்பங்களில் மாமனார் பெயரைச் சொல்ல நாக்கூசும் மருமகள், மகனை ‘ஐயா’ என்றழைத்தது இயல்புதான். அங்கே அன்பு ஆளைச் சிறிதாக்கிக் கொஞ்சுகிறது, இங்கே பெரிதாக்கிக் கொஞ்சுகிறது.

ஆகவே நம் இதழுக்கு ரஷ்யக் கதைகளை மொழிபெயர்த்து அனுப்பும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூலத்தில் சிறுமை விகுதி வரும் இடமெல்லாம் ‘குட்டி’யை ஒட்ட வேண்டாம். ‘குட்டி அம்மா’, ‘குட்டி ஆன்மா’ என்று படிக்கையில் அந்தத் தாய் நமக்கு அந்நியமாகிப் போகிறாள். மகன் அவளை ‘ஆத்தா’ என்று கூப்பிடட்டும். அவளும் அவனை ‘ஐயா’ என்றே கூப்பிடட்டும்.