செம்பாசியின் சிவப்பு சேர வேண்டிய இடம்

பாம்பன், சின்னப்பாலம் முதலிய மன்னார் வளைகுடாக் கரையூர்ப் பெண்கள் மூச்சடக்கி முழுகிப் பறித்துவரும் மரிக்கொழுந்துப் பாசியும், கடலோரத்தார் ஒரு காலத்தில் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்த கஞ்சிப்பாசியும், மணலில் வெயிலுக்குப் பரப்பப்பட்ட சில தினங்களுக்குள் தம் செந்நிறத்தை இழந்து வெளிறிவிடுகின்றன. வியாபாரிக்கு வேண்டியது அகர் என்னும் கூழ்ப்பொருள் ஒன்றே ஆதலால், போன நிறத்தைப் பற்றி எவரும் விசாரிப்பதில்லை. அவ்வாறு வீணாகும் நிறத்தில் பெரும்பகுதி பைகோஎரித்ரின் என்னும் புரதமாகும். கடலின் ஆழத்திற்குச் செல்லச் செல்லச் சூரியனின் சிவப்புக் கதிர்கள் மங்கிப் பச்சையும் நீலமுமே எஞ்சுவதால், அவற்றைக் கவர்ந்து பச்சையத்திடம் ஒப்படைக்கும் பொருட்டு இயற்கை இப்புரதத்தைச் செம்பாசிக்கு அருளியிருக்கிறது.

இந்தப் புரதத்தின் ஆரோக்கிய குணங்களைப் பற்றி இப்போது நிறையப் பேசப்படுகிறது. உயிரணுக்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் விளைபொருள்களை அது அடக்குகிறது, வீக்கத்தைத் தணிக்கிறது என்று ஆய்வுக்கூடத்துக் குடுவைகளிலும் எலிகளிடத்தும் கண்டிருக்கிறார்கள். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சுமார் 2,40,000 டால்டன் எடையுள்ளதும், வெந்நீரில் இட்டால் நிறம் கெட்டுவிடக்கூடிய அளவுக்கு மென்மையானதுமான ஒரு புரதம், இரைப்பையின் அமிலத்தைக் கடந்தபின் அதே புரதமாக இருக்கப்போவதில்லை என்பதையும், மனிதர்களிடத்தில் முறையாகச் செய்யப்பட்ட பரிசோதனைகள் மிகச் சொற்பம் என்பதையும் மறைத்துவிட்டு, அதனைச் சர்வரோக நிவாரணியாக மாத்திரைக் குப்பியில் அடைத்து விற்பது தர்மமாகாது. இதன் சகோதரப் புரதமான ஸ்பைருலினாவின் நீலத்திற்கு 2013-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. மிட்டாய்க்கு நிறமூட்டத்தான் அளித்தது, நோய் தீர்க்க அல்ல.

அவ்வாறாயின் செம்பாசிப் புரதத்தால் மனிதனுக்குப் பிரயோஜனமே இல்லையா என்றால், உண்டு. அதுவும் நிரூபணமான பிரயோஜனம். பச்சையத்தினின்றும் பிரித்தெடுக்கப்பட்ட பின்னரும் அது ஒளியைக் கவர்ந்துகொண்டே இருக்கும். கவர்ந்ததை ஒப்படைக்க ஆளில்லாமையால், ஆரஞ்சு வர்ணச் சுடராக வெளியே உமிழ்ந்துவிடும். 1982-ல் ஓய், கிளேஸர், ஸ்ட்ரையர் என்னும் மூன்று விஞ்ஞானிகள், இச்சுடரை நோய் எதிர்ப்புப் புரதங்களோடு பிணைத்து, இரத்தத்தில் ஓடும் ஓர் அணுவை இன்ன வகையென்று அடையாளம் காணலாம் என்று காட்டினார்கள். எச்.ஐ.வி. நோயாளிகளின் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களான சி.டி.4 அணுக்களை எண்ணும் கருவிகளில் பல இந்தச் சுடரையே நம்பியிருந்தன. 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது சென்னையில். 2004-ல் அரசாங்கம் இலவச மருந்து வழங்கத் தொடங்கியபோது முதலில் வழங்கிய நிலையங்களுள் ஒன்று தாம்பரம் சானடோரியம். எவ்வளவு மருந்து மாத்திரை விளம்பரங்கள் வந்தாலும், இந்தப் பாசி மனித குலத்துக்குச் செய்த உபகாரம் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அந்தச் சானடோரியத்திலிருந்து வெகு தூரமில்லாத ஒரகடத்தில், கார்களும் மோட்டார் சைக்கிள்களும் டயர்களும் இரவு பகலாக உருவாகும் ஆலைகளின் நடுவே, சிப்காட் நிறுவனம் 350 ஏக்கரில் மருத்துவ உபகரணப் பூங்கா ஒன்றை அமைக்கிறது. மருத்துவ உபகரணம் என்றவுடன் ஸ்கேன் இயந்திரமும் கட்டிலும் ஊசியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி, இரத்தப் பரிசோதனைக்கான இரசாயனங்களும் உபகரணங்களே. ஆகவே செம்பாசிச் சுடருக்கும் அப்பூங்காவில் இடமுண்டு. கைப்பேசி ஆலைகளைக் கொண்டுவரத் தெரிந்த ஸ்ரீபெரும்புதூர், அவற்றுள் ஒன்றான நோக்கியா 2014-ல் உற்பத்தியை நிறுத்தியபோது, வெளியிலிருந்து வரும் உதிரிகளைப் பூட்டுவதையே பெரிதும் நம்பிய தொழில் எவ்வளவு எளிதில் எழுந்து போய்விடும் என்பதையும் கண்டது. நம் கடலில் விளையும் மூலப்பொருளைக் கொண்டு, நம் ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டியதைச் செய்யும் ஓர் ஆலை அவ்விதம் எழுந்து போவது கடினம்.

இடையூறுகள் இல்லாமலில்லை. பாசியைப் பறித்த நாளிலேயே நிழலிலும் குளிரிலும் வைத்துச் சாறெடுக்க வேண்டும். ஆயினும் மண்டபத்தில் கிளை கொண்டுள்ள மத்திய உப்பு, கடல் இரசாயன ஆராய்ச்சி நிலையத்தார், கப்பாஃபைகஸ் பாசியைப் பச்சையாகவே பிழிந்து, சாற்றைப் பயிர் உரமாகவும் சக்கையைக் காரஜீனன் என்னும் கூழ்ப்பொருளுக்கும் பயன்படுத்தும் முறையை முன்பே வகுத்திருக்கிறார்கள். ஆகவே ஈரப்பாசியைக் கையாளும் வித்தை இக்கரைக்குப் புதிதன்று. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் 1986 முதல் தேசியப் பூங்காவாக இருக்கையில், அங்கே மேலும் பறிக்கச் சொல்லுவது பவளத் திட்டுகளுக்கும், வனத்துறையோடு ஓயாது வழக்காடும் அப்பெண்களுக்கும் நன்மையன்று. தெப்பத்தில் வளர்த்த பாசியே இதற்கு உகந்தது. இராமநாதபுரம் வளமாவூரில் அடிக்கல் நாட்டப்பட்ட கடற்பாசிப் பூங்காவின் திட்டத்தில் ஒரு குளிர் அறையும் ஒரு பிழி இயந்திரமும் சேர்க்கப்படுமானால், ஒரகடத்துப் பூங்காவிலே பரிசோதனை இரசாயனங்களுக்கென்று சில ஏக்கர்களை ஒதுக்கும்படி தொழில்துறையாரைக் கேட்க நமக்கு நியாயம் உண்டு. ஈரப்பாசிக்கு உலர்பாசியைவிட என்ன விலை அதிகம் என்பதை மட்டும் பறித்தும் வளர்த்தும் பழகிய பெண்களோடு கலந்தாலோசித்து முதலிலேயே நிர்ணயித்துவிட வேண்டும்.