நாற்பத்தெட்டு இடியப்பம்



இந்த முறை கிளிநொச்சி மாவட்டத்தில் மீள்குடியேறிய ஒரு தாயையும் மகனையும் பற்றி எழுதுகிறேன். எழுதுவதற்கு அந்தத் தாய் சம்மதம் தந்தார். ஊரையும் பெயரையும் நான்தான் தவிர்த்திருக்கிறேன்.

கணவரை 2009 பங்குனியில் இழந்தவர். அடுத்த மாதம் நான்கு மாதக் குழந்தையோடு நீரேரி கடந்து, செட்டிகுளம் முகாமில் இருந்து, பிறகு ஊர் திரும்பினார். இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுத்துத்தான் மகனை வளர்த்தார். நாலு வயதில் பிள்ளைக்குக் கொன்னை தட்டத் தொடங்கியது. ஊர்ப் பாடசாலையில் எல்லோரும் தெரிந்த பிள்ளைகள் என்பதால் அது பெரிதாகத் தெரியவில்லை. 2019 இல் தரம் 6 இற்குப் பெரிய பாடசாலைக்குப் போன முதற் கிழமையே "கொன்னையன்" என்று பட்டம் வைத்துவிட்டார்கள். இடாப்புக் கூப்பிடும்போது அவன் "உள்ளேன்" சொல்லி முடிப்பதற்குள் பின்வாங்கு முழுவதும் அதைத் திக்கித் திக்கிச் சொல்லிக் காட்டும்.

சில வாரங்களில் பிள்ளை வெளியாட்களோடு பேசுவதையே விட்டுவிட்டான். காலையில் இடியப்பக் கூடையைக் கடைக்குக் கொண்டுபோவது அவன் வேலை. எத்தனை என்று வாயால் சொல்ல மாட்டான். தாய் ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பார். அதை நீட்டிவிட்டு வந்துவிடுவான்.

நான் போனபோது தாய் முதலில் சொன்னது மகனைப் பற்றியல்ல. "தண்ணிக்குள்ளாலை வரேக்கை சத்தம் கேக்கக் கூடாதெண்டு இவன்ரை வாயைப் பொத்திப் பிடிச்சனான் தங்கச்சி. அதுதான் இவன்ரை பேச்சு இப்பிடிப் போட்டுது" என்றார். பத்து வருடமாக இதை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

கொன்னை பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்குவது. பெண் பிள்ளைகளை விட ஆண் பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படும். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் வரக்கூடும். பயமும் பதற்றமும் அதைக் கூட்டலாம், ஆனால் நான்கு மாதக் குழந்தையின் வாயைப் பொத்தியதால் நாலு வயதில் கொன்னை வருவதில்லை. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "இவன்ரை அப்பாவின்ரை தேப்பனுக்கு இருந்தது" என்றார். அதன் பிறகு நெடுநேரம் அழுதார்.

இனி எங்கள் பிழைகள். தாய் பாடசாலை வாசலில் நின்று, பட்டம் வைத்த பெடியனைப் பிடித்து ஏசினார். அடுத்த நாள் "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாற கொன்னையன்" ஆனான். நான் வகுப்பாசிரியையிடம் பேசினேன். அவரும் நல்ல மனதோடு பிள்ளையை எழுப்பி நிறுத்தி, "இவனை ஒருவரும் பகிடி பண்ணக் கூடாது" என்றார். வகுப்பே திரும்பி அவனைப் பார்த்தது. மூன்று நாள் பாடசாலைக்குப் போகவில்லை. ஆசிரியையைக் குறை சொல்ல மாட்டேன், அவனுடைய விருப்பத்தைக் கேட்காமல் போய்ப் பேசியவள் நான்.

(அடி, மிரட்டல், காசு பறித்தல் என்று போனால் விஷயம் வேறு. அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.)

பிறகு செய்தவை வெளியில் தெரியாத வேலைகள். மாதத்தில் ஒரு நாள் உழைப்பை விட்டு, பஸ் ஏறி வைத்தியசாலையில் பேச்சுச் சிகிச்சைக்குக் கூட்டிச் சென்றார் தாய். "மெல்லமாச் சொல்லு", "மூச்சை எடுத்துச் சொல்லு" என்பதை நிறுத்தினார். மகன் தடுக்கும் சொல்லைத் தானே சொல்லி முடிக்கும் பழக்கத்தையும் விட்டார். அதுதான் தனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்ததாம். பின்னேரத்தில் மா அரிக்கும்போது மகன் பக்கத்தில் இருந்து கதைப்பான், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். ஆசிரியை வாசிப்புப் பாடத்தில் எல்லோரையும் இருவர் இருவராகச் சேர்ந்து வாசிக்க வைத்தார். இன்னொருவரோடு ஒரே குரலில் வாசிக்கும்போது கொன்னை குறையும். பாடும்போதும் அப்படித்தான்.

அந்த வருட வாணி விழாவில் வில்லிசையில் பின்பாட்டுப் பாடினான். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. "கொன்னை மாறிட்டுது" என்று ஊரே சொன்னது. தாய் கோயிலுக்கு அர்ச்சனையும் செய்தார். மறுநாள் காலை அது திரும்பவும் இருந்தது. அன்று அவர் உடைந்துபோனார். மகன் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. அதை நாங்கள் இருவரும் அப்போது கவனிக்கவில்லை.

கார்த்திகை மாத மகளிர் குழுக் கூட்டத்துக்கு அவர் நேரத்துக்கே வந்து, சிரித்தபடி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"இண்டைக்குக் காலமை துண்டு அடுப்படியிலை கிடக்குது. கூடையையும் காணேல்லை, இவனையும் காணேல்லை. பயந்து பின்னாலை ஓடினன். கடையிலை நாலைஞ்சு சனம். கடைக்காரத் தம்பி நல்லவர், வழக்கம்போல 'ஐம்பதுதானே ராசா?' எண்டு எழுதப் போறார். இவன் கையைக் காட்டிப்போட்டு, 'பொ... பொ... பொறுங்கோ அண்ணை, நான் சொல்லுறன்' எண்டான். பிறகு 'நா... நா...' எண்டு நிக்குது. சனம் எல்லாம் பாக்குது. நான் வேலிக் கதியாலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான் தங்கச்சி. வாய்க்குள்ளை வந்திட்டுது, சொல்லேல்லை. அவனே சொன்னான், 'நாற்பத்தெட்டு' எண்டு. இண்டைக்கு ரெண்டு உடைஞ்சு போச்சு. நாற்பத்தெட்டுத்தான்."