அரை அங்குலம்

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பணியாற்றுகிறார். அங்குள்ள ஹியூரான் ஏரியின் சாகினா விரிகுடாவில் தாம் தூண்டில் போட்ட கதையை அண்மையில் தொலைபேசியில் கூறினார். ஏரிக்கும் விரிகுடாவா என வியக்க வேண்டாம். அவ்விரிகுடா மட்டுமே ஏறத்தாழ 3,000 சதுர கிலோமீட்டர், நீரோ நன்னீர். ஆழம் குறைந்த அதன் உட்பகுதி குளிர்காலத்தில் உறைந்துவிடும். மக்கள் பனிக்கட்டியில் துளையிட்டு, அதன்மேல் சிறு கூடாரம் அமைத்து, தூண்டிலை இறக்கிக் காத்திருப்பர்.

அவர்கள் நாடுவது வால்ஐ என்னும் மீன். பூனையின் கண்போல் ஒளிரும் அதன் கண்கள் மங்கிய ஒளியிலும் கலங்கல் நீரிலும் இரையைக் காணவல்லவை. ஆதலால் விடியலும் அந்தியுமே அதைப் பிடிக்க ஏற்ற வேளைகள்.

"பொழுதுபோக்கவா உயிரைப் பிடிப்பது?" என்றேன். "உண்ணத்தான், ஹஜ்ரத்" என்றார். மீனுக்கு அறுக்கும் நிபந்தனை இல்லையாதலால் அந்நாட்டில் அவருக்கு அது எளிதான ஹலால் உணவு. முள்ளைக் குத்தி இழுத்து, படமெடுத்துக்கொண்டு, திரும்ப நீரில் விடுவதையே விளையாட்டாகக் கொண்டோரும் உண்டாம். அது எனக்கு ஒப்பவில்லை.

அவ்விரிகுடாவில் 1940களில் வால்ஐ ஏறக்குறைய அற்றுப்போயிற்று. ஆலைக்கழிவு, ஆறுகளின் அணைகள், அளவற்ற மீன்பிடிப்பு எனக் காரணங்கள் பல. கடலிலிருந்து கால்வாய்கள் வழியே புகுந்த ஏல்வைஃப் என்னும் சிறுமீனும் வால்ஐக் குஞ்சுகளைத் தின்றுவந்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப்பின் நீர் தூய்மையடைந்தது. அரசினர் ஆண்டுதோறும் குஞ்சுகளைக் கொணர்ந்து விட்டனர். எனினும் இயற்கையாகப் பெருகுவது அரிதாகவே இருந்தது. 2003ஐ ஒட்டி அந்த ஏல்வைஃப் ஹியூரான் ஏரியில் ஏறக்குறைய அழிந்தது. அதைத் தின்னவென்றும் தூண்டிற்காரர்களுக்கென்றும் 1960களில் விடப்பட்ட சால்மன்களும், அயலிலிருந்து வந்த சிப்பிகளும் அதன் வாழ்வைக் குலைத்தன. உடனே வால்ஐ தானே பெருகத் தொடங்கிற்று. 2006இல் குஞ்சு விடுவதையே நிறுத்திவிட்டனர்!

ஆனால் இரையிழந்த சால்மன்கள் அருகின. அவற்றை நாடிவந்தோரை நம்பி வாழ்ந்த ஏரிக்கரை ஊர்கள் பிழைப்பிழந்தன. விரிகுடாவிலும் மஞ்சள் பெர்ச் என்னும் சிறுமீனை வால்ஐ தின்று குறைத்தது. எனவே 2015இல் விதியைத் திருத்தினர்: ஒருவர் ஒரு நாளில் பிடிக்கும் வால்ஐ 5இலிருந்து 8 ஆயிற்று, குறைந்த நீளம் 15 அங்குலத்திலிருந்து 13 ஆயிற்று, பெர்ச்சோ 50இலிருந்து 25ஆகக் குறைக்கப்பட்டது. எண்ணிப் பார்த்து, ஒரு கையால் தளர்த்தி மறுகையால் இறுக்கும் இம்முறை எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் மாணவருக்கு நான்கு மணிநேரத்தில் கிடைத்தது ஒரே மீன். அளந்தால் 12.5 அங்குலம். கூடாரத்தில் அவரைத் தவிர எவருமில்லை. வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் வெண்பனி.

"விட்டுவிட்டாயா?"

"விட்டுவிட்டேன், ஹஜ்ரத். வீட்டில் மீன் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தேன். திரும்பும் வழியில் கடையில் வாங்கிப் போனேன். விலைதான் சற்று அதிகம்."