வடிகட்டிய நாதம்

அன்பர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய குமாரன் பல மாதம் பணம் சேர்த்து, பழைய அனலாக் ஸிந்தஸைஸர் ஒன்றை வாங்கினானாம். இரண்டு நாள் கணீரென்று பேசிய வாத்தியம், மூன்றாம் நாள் எந்தக் கட்டையை அழுத்தினாலும் வாய் திறக்க மறுத்துவிட்டதாம். "பையன் சாப்பிடக்கூட எழுந்து வருவதில்லை. கிடைத்த விலைக்கு விற்றுவிடலாமா?" என்று கேட்கிறார்.

அவசரப்பட வேண்டாம் என்பதே நமது அபிப்பிராயம். வாத்தியம் ஊமையாகியிருக்க வேண்டும் என்பதில்லை. தன் வாயைத் தானே மூடிக் கொண்டிருக்கலாம். அந்த வாய்க்கு 'பில்டர்' என்று பெயர்.

நேயர்கள் ஒரு சிறு பரீட்சை செய்து பார்க்கலாம். ஒரே சுருதியில் "ஆ" என்று நீட்டி, மூச்சு விடாமல் "ஊ" என்று மாற்றுங்கள். தொண்டையில் பிறக்கும் நாதம் ஒன்றுதான். வாயும் நாவும் உதடும் சில ஒலிகளைத் தடுத்துச் சிலவற்றை வெளியே விடுவதால்தான் எழுத்து மாறுகிறது. ஸிந்தஸைஸரும் இதையே செய்கிறது. முதலில் முரட்டு ஒலி ஒன்றைப் பிறப்பிக்கிறது. அதில் விநாடிக்கு 100 அதிர்வு என்றால், 200, 300, 400 என்று மேலொலிகளும் கூடவே கூட்டமாக வருகின்றன. எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று தீர்மானிக்கும் வாயிற்காப்போனே பில்டர்.

அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து டிரமன்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் பட்டறை நடத்திய ராபர்ட் மூக் என்பவர் அமைத்த பில்டர் மிகவும் புகழ் பெற்றது. அதன் மின்சுற்றுப் படம் ஏணி போல் இருப்பதால் 'லாடர் பில்டர்' என்றே பெயர் வந்துவிட்டது. 1969-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1970-ல் வந்த மினிமூக் வாத்தியத்திலும் அதுவே இருந்தது. அதற்கு ஒரே முறைதான் தெரியும். 1974-ல் டாம் ஓபர்ஹைம் வெளியிட்ட 'எஸ்.ஈ.எம்.' என்னும் சிறு பெட்டியோ நான்கு முறைகளும் அறிந்தது.

அந்த நான்கும் எவை? 'கட்-ஆப்' என்னும் எல்லைக் குமிழை 500 அதிர்வில் நிறுத்தியதாக வைத்துக் கொள்வோம். 'லோ-பாஸ்' முறையில் 500-க்குக் கீழுள்ளவை உள்ளே போகும், மேலுள்ளவை தேயும். 'ஹை-பாஸ்' இதற்கு நேர் எதிர்: அடிநாதம் போய் ஒலி மெலிந்துவிடும். 'பாண்ட்-பாஸ்' எல்லையை அடுத்த பகுதியை மட்டும் விட்டு இருபுறமும் குறைக்கும். பழைய டெலிபோனில் கேட்கும் குரலைப் போல. 'நாட்ச்' அந்தப் பகுதியை மட்டும் அகற்றி மற்றதையெல்லாம் விட்டுவிடும்.

தடுப்பதிலும் கண்டிப்பு, தயவு என்று உண்டு. மூக்கின் ஏணி, எல்லைக்கு மேலே ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 24 டெசிபல் குறைக்கிறது. அதாவது ஒலியின் வீச்சு ஏறக்குறைய 16-ல் ஒரு பங்காகிறது. ஓபர்ஹைமின் பெட்டி 12 டெசிபல்தான். வீச்சு 4-ல் ஒரு பங்கு. முன்னது கனமாகவும் பின்னது தெளிவாகவும் காதில் படுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

'ரெசனன்ஸ்' என்பது இன்னொரு குமிழ். எல்லையை ஒட்டிய ஒலிகளை அது எடுப்பாக்கிக் காட்டும். ஏணி பில்டரில் இதை அளவு மீறித் திருப்பினால் அடிநாதம் மெலியும். கடைசியில் பில்டரே சீட்டியடிக்கத் தொடங்கிவிடும். கறிக்கு உப்பு எவ்வளவோ அவ்வளவே இதற்கும்.

'என்வலப்' என்பது நாம் கையெடுத்த பின்னும் குமிழைத் திருப்பும் கண்ணுக்குத் தெரியாத கை. கட்டையை அழுத்தியதும் எல்லையை உயர்த்தி மெல்ல இறக்கும். எக்காளத்தைப் பலமாக ஊதினால் ஒலி பெருகுவதோடு பிரகாசமும் கூடுகிறதல்லவா? அந்த ஜாலத்தை இந்தக் கைதான் செய்கிறது.

இனி, அன்பரின் வீட்டுக்கு வருவோம். லோ-பாஸ் முறையில் கட்-ஆப் குமிழை வலப்புறம் திருப்பினால் வாயில் திறக்கும். ஹை-பாஸ் முறையிலோ அதே குமிழை அதே பக்கம் திருப்பினால் வாயில் அடைபடும்! முறையை மாற்றிவிட்டு, குமிழைப் பழைய இடத்திலேயே விட்டால் வாத்தியம் மௌனவிரதம் பூணுவதில் என்ன ஆச்சரியம்?

ஆகையால் பையன் செய்ய வேண்டியது இதுதான். முறையை லோ-பாஸில் வைக்கட்டும். கட்-ஆப்பை வலக்கோடி வரை திறக்கட்டும். ரெசனன்ஸையும், பில்டருக்குப் போகும் என்வலப் அளவையும் பூஜ்யத்தில் நிறுத்தட்டும். பிறகு கட்டையை அழுத்தட்டும். அப்போதும் ஒலி வராவிட்டால் பழுது பார்ப்பவரிடம் கொண்டு போகலாம். வந்துவிட்டால், விற்கும் பேச்சை விட்டுவிட்டு, பிள்ளைக்கு முதலில் சாப்பாடு போடுங்கள்.