சிலபஸில் சிவகாசி எங்கே?

ஒரு சின்னக் கேள்வி. நம்மில் எத்தனை பேர் நம்ம சிலபஸை ஒரு தடவையாவது முழுசாப் படிச்சிருக்கோம்? கையைத் தூக்கச் சொன்னால் வகுப்புக்கு இரண்டு கை தேறுமா என்பதே சந்தேகம். ஜெராக்ஸ் கடையில் 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்' கட்டுக்கு இருக்கிற கூட்டம் சிலபஸுக்குக் கிடையாது. அரியர் விழுந்த பிறகுதான் "இந்தப் பேப்பருக்கு மொத்தம் எத்தனை யூனிட்டுடா?" என்று பக்கத்து பெஞ்சுக்காரனைக் கேட்கிறோம்.

தப்பு நம்ம பேர்ல மட்டும் இல்லை. சிலபஸைத் திறந்து பாருங்கள். ஒரு தலைப்பு, ஒரு கோடு, அடுத்த தலைப்பு, இன்னொரு கோடு... ஓரத்தில் இத்தனை மணி நேரம் என்று ஒரு எண். பாடம் நடத்துகிறவருக்கும் கேள்வித்தாள் எடுக்கிறவருக்கும் எழுதின குறிப்பு அது. படிக்கப்போகிறவனைப் பார்த்து, "தம்பி, இதை ஏன் படிக்கிறே, படிச்சு முடிச்சா உனக்கு என்ன செய்யத் தெரியும்" என்று சொல்லுகிற வரியைத் தேடித்தான் பிடிக்கணும்.

எங்க அண்ணன் கதையைச் சொன்னால் என் ஆதங்கம் புரியும். அவன் மெக்கானிக்கல் டிப்ளமோ, எம் ஸ்கீம். 2015-ல் சேர்ந்து 2018-ல் முடித்தான். கடைசி வருஷம் 'இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் அண்ட் மேனேஜ்மெண்ட்' என்று ஒரு பேப்பர். அதில் பிளான்ட் சேஃப்டி என்று ஒரு பகுதி. விபத்துக்கான காரணங்கள், விபத்தால் ஆகும் செலவு, விபத்துத் தடுப்பு, 1948-ஆம் வருஷத்து ஃபேக்டரீஸ் ஆக்ட் எல்லாம் வரும். அண்ணன் அதை மனப்பாடமா எழுதி நல்ல மார்க் வாங்கினான். பாஸ் பண்ணின கையோட ஒரு பட்டாசு ஆபீசில் சூப்பர்வைசர் வேலை. (வெளியூர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: எங்க பக்கம் பட்டாசு ஆலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். அங்கே நாற்காலி மேஜை இருக்கும் என்று நினைத்து வந்துவிடாதீர்கள்!)

வேலைக்குப் போன முதல் வாரம். மருந்து அறையில் ஒரு டின் மூடி இறுகிப்போய்த் திறக்க வரலை. அண்ணன் படித்த பிள்ளையல்லவா, பையிலிருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறான். வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு வயசான அம்மா எழுந்து குறுக்கே நின்று, "தம்பி, இரும்பை வெளிய வச்சிட்டு வாங்க" என்று சொல்லியிருக்காங்க. அவ்வளவுதான், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி அண்ணன் சரியாச் சாப்பிடலை. விபத்துத் தடுப்பு பற்றிப் பக்கம் பக்கமா எழுதினவனுக்கு, மருந்து அறைக்குள் இரும்பு போகக்கூடாது, உராய்ந்தால் பொறி வரும் என்பது தோன்றவில்லை. பள்ளிக்கூடம் பார்க்காத அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

இதில் அண்ணனைக் குறை சொல்ல முடியுமா? அவனுக்குப் பாடம் எடுத்த சாரைக் குறை சொல்ல முடியுமா? எனக்கு மனசு வரலை. சிலபஸில் 'விபத்துத் தடுப்பு' என்று இரண்டு வார்த்தை இருந்தது. எந்த விபத்து, எந்த ஊரில், யாருக்கு என்று இல்லை.

கெமிஸ்ட்ரியிலும் இதே கதைதான். அண்ணனோட முதல் வருஷப் புத்தகம் இன்னும் வீட்டில் இருக்கிறது. பவுடர் மெட்டலர்ஜி என்று ஒரு பாடம். உருக்கின உலோகத்தைப் பீய்ச்சித் தூளாக்குகிற ஆட்டமைசேஷன் முறை அதில் இருக்கிறது. பயன்கள் என்ற இடத்தில் செல்ஃப் லூப்ரிகேட்டிங் பேரிங் என்று அண்ணன் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறான். மத்தாப்பிலும் புஸ்வாணத்திலும் வெள்ளையா மின்னுகிறதே, அந்த அலுமினிய பவுடரும் தூளாக்கின உலோகம்தான் என்று ஓரத்தில்கூட எழுதிக்கொள்ளவில்லை. அலுமினிய பவுடரும் நைட்ரேட் உப்பும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறும், அதனால்தான் கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக்கூடாது என்கிறார்கள். இதைவிடக் கெமிஸ்ட்ரி வேண்டுமா? ஸ்டாட்டிக் எலக்ட்ரிசிட்டியும் அப்படித்தான். மருந்து அறைக்குள் ஏன் நைலான் உடுத்திப் போகக்கூடாது, பருத்தி ஏன் உடுத்தணும் என்பது பிசிக்ஸ் கேள்விதானே!

2012 செப்டம்பர் 5. நாடு முழுக்க ஆசிரியர் தினம். அன்றைக்கு முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்து நம்ம மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. செத்தவர்களில் பல பேர் அந்த ஆலைத் தொழிலாளிகளே இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டு, காப்பாற்றவும் பார்க்கவும் ஓடி வந்தவர்கள். 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல் போனார்கள். இன்றைக்கு நம்ம வகுப்பில் உட்கார்ந்திருக்கிறவர்களில் பல பேர் வீட்டில் யாராவது ஒருத்தர் காலையில் தூக்குவாளியோடு ஆபீஸ் வேனில் ஏறுகிறார்கள். நாளைக்கு நம்மில் சில பேர் அதே ஆபீசில் சூப்பர்வைசர், போர்மேன். சிலபஸ் எங்களுக்கு வெறும் மார்க் விஷயம் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

எல்லாரும் ஒரே சிலபஸ் படிக்கிறது நல்லதுதான், அதை மறுக்கவில்லை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நாகர்கோவிலுக்கும் கிருஷ்ணகிரிக்கும் சேர்த்துத்தான் எழுதணும். நாளைக்கு ஓசூரில் இண்டர்வியூவுக்குப் போனால் நம்ம டிப்ளமோ அங்கேயும் செல்லணுமே! எல்லாப் பேப்பரிலும் பட்டாசைத் திணிக்கச் சொன்னால் அது கிறுக்குத்தனம்.

2023 ரெகுலேஷனில் ஒவ்வொரு பாடத்துக்கும் 'கோர்ஸ் அவுட்கம்' போட்டிருக்கிறார்கள். வரவேற்கிறேன். பாடத்தை முடித்தவனுக்கு என்ன செய்யத் தெரியணும் என்பதிலிருந்து தொடங்குவதுதான் சரி. ஆனால் எந்தப் பாடத்திட்டத்திலும் 'புரிந்துகொள்வார்', 'அறிந்துகொள்வார்' என்று வந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. நான் புரிந்துகொண்டேனா இல்லையா என்று யார் எட்டிப் பார்ப்பது? அமெரிக்காவில் பெஞ்சமின் புளூமும் அவர் கூட்டாளிகளும் 1956-லேயே படிப்பைப் படிப்படியா வரிசைப்படுத்திவிட்டார்கள். தெரிந்திருப்பது முதல் படி, புரிவது இரண்டாம் படி, அதைக் கொண்டுபோய் ஒரு இடத்தில் பயன்படுத்துவது மூன்றாம் படி. அதற்கும் மேலே இன்னும் படிகள் உண்டு. எங்க அண்ணன் முதல் படியிலேயே மார்க்கை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். அளப்பார், வரைவார், கணக்கிடுவார், கண்டுபிடித்துச் சொல்வார் என்று எழுதினால் அதைச் சோதித்துப் பார்க்கலாம்.

1920-களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளக் கல்கத்தா போனார்கள். அவங்களுக்கு யூனிட்டும் கிடையாது, மணிக்கணக்கும் கிடையாது. ஊர் திரும்பும்போது தீப்பெட்டி செய்யத் தெரிந்திருக்கணும், அது ஒன்றுதான் அவுட்கம்.

நான் கேட்பது பெரிசா ஒன்றும் இல்லை. சிலபஸை மாற்றுகிற அதிகாரம் நம்ம சாருக்குக் கிடையாது, நமக்கும் கிடையாது. தன்னாட்சி வாங்கின பாலிடெக்னிக்குகள் சொந்தமா எழுதிக்கொள்ளலாம். நாம் அப்படி இல்லை. ஆனால் செமஸ்டரின் முதல் வகுப்பில், பேப்பருக்கு ஒரே ஒரு பக்கம், தமிழில், நம் கையில் கொடுக்கலாமே? இந்தப் பாடம் முடிந்தால் உனக்கு இதெல்லாம் செய்யத் தெரியும். இந்த யூனிட் இரண்டாவதா வருவதற்குக் காரணம் இது. இண்டர்னல் மார்க் இப்படிப் போடுவேன். நம்ம மாவட்டத்தில் இது எங்கே நடக்கிறது, போய்ப் பார். இவ்வளவுதான். அந்தக் கடைசி வரிக்குப் பட்டாசுதான் வேணும் என்று இல்லை. ராஜபாளையம் ஸ்பின்னிங் மில் இருக்கு, சிவகாசி ஆஃப்செட் பிரஸ் இருக்கு, விருதுநகர் எண்ணெய் மில் இருக்கு.

சொன்னால் மட்டும் போதுமா என்று, நானும் இரண்டு நண்பர்களும் சேஃப்டி பாடத்துக்கு அப்படி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தோம். மருந்து அறையின் படம் ஒன்றை வரைந்து, அதிலுள்ள தப்புகளைக் கண்டுபிடிக்கச் சொன்னோம்: இரும்புச் சுத்தியல், நைலான் சேலை, அடைத்து வைத்த கதவு. ஒரு அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்துதான் இருக்கலாம் என்று 2008-ஆம் வருஷத்து வெடிபொருள் விதிகளில் இருப்பதைப் படித்து, அதற்குக் காரணம் எழுதச் சொன்னோம். வெடிச் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் ஓடணும், எந்தப் பக்கம் ஓடக்கூடாது என்று ஒரு கேள்வி. 2018-ல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு என்று சொன்ன பிறகு, பேரியம் உப்பு இல்லாத கலவைக்கு ஏன் மாற வேண்டியதாச்சு என்று இன்னொரு கேள்வி.

எழுதி முடித்ததும் எங்க அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அம்மா பதினெட்டு வருஷமா ஆபீஸ் போறாங்க. பொறுமையாக் கேட்டுவிட்டு, "ரூமுக்கு நாலு பேர்தான்னு எங்களுக்கும் தெரியும்டா. சீசன் நேரத்துல ஆறு பேரை உக்கார வச்சா, வேண்டாம்னு எப்படிச் சொல்றதுன்னு எழுதியிருக்கியா?" என்று கேட்டாங்க.

எழுதவில்லை. அண்ணனைக் கேட்டேன், அவனுக்கும் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியை அப்படியே பக்கத்தின் கடைசியில் சேர்த்துவிட்டோம். அந்தப் பக்கம் யூனியன் அறையில் இருக்கிறது. வேண்டியவர்கள் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம். அம்மா கேட்டதற்குப் பதில் தெரிந்தவர்கள் அதிலேயே எழுதி வைத்துவிட்டுப் போகவும்.