ஓடுகிற தொழிலை விடக் கூடாதா?

"நாலு காசு வருகிற தொழிலை யாராவது விடுவார்களா?" நம் வயதுக்காரர்கள் யோசிக்காமல் சொல்லும் வார்த்தை இது.

வீட்டிலிருந்தே கடைகளுக்குக் கணக்கு எழுதும் பிள்ளைகளைப் பாருங்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வாடிக்கையாளர்கள் பெருகினார்கள். கூடவே கெடுவும் வந்தது. மாதாமாதம் 11-ஆம் தேதி ஒரு ரிட்டர்ன், 20-ஆம் தேதி இன்னொன்று. கடைக்காரர் பில் கட்டை 19-ஆம் தேதி ராத்திரி கொண்டுவந்து கொட்டுவார். தவறினால் தினம் 50 ரூபாய் தாமதக் கட்டணம். திட்டு கணக்கு எழுதியவருக்கு.

இது வெறுத்துப்போனவனைச் சோம்பேறி என்பது அநியாயம். முதலாளி வதைத்தால் வேலையை மாற்று என்கிறோம். தானே கட்டிய தொழில் வதைத்தால் மட்டும் பொறுத்துக்கொள் என்பதா? பென்ஷன் வாங்கிக்கொண்டு இதைச் சொல்வது நமக்குச் சுலபம்.

ஒரே நாளில் பூட்டச் சொல்லவில்லை. வெறுப்பு கணக்கின் மேலா, கெடுவின் மேலா என்று முதலில் பிரித்துப் பார்க்கட்டும். கணக்கு பிடிக்கிறதென்றால், தொல்லை தரும் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் குறைத்துக்கொண்டு, கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகலாம்.

அப்படி ஒருவன் யோசனை கேட்டு வந்தால், வருமானம் எவ்வளவு போகும் என்று கேட்குமுன், ராத்திரி தூங்குகிறாயா என்று கேளுங்கள்.