மாத்திரை நேரம் மாறினால்…

கேட்டதற்குப் பதில் சொல்லும் சாட்ஜிபிடியில், 'தினமும் இத்தனை மணிக்கு ஞாபகப்படுத்து' என்று சொல்லி வைக்கும் வசதி 2025 ஜனவரியில் வந்தது. முதலில் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும். மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் என் மாமியாரின் மாத்திரைக்கு அதுதான் மணியடிக்கிறது.

காலை 6 மணிக்குத் தைராய்டு மாத்திரை, வெறும் வயிற்றில். அரை மணியாவது கழித்துத்தான் காபி. (அதற்குள் பத்து தரம் கேட்டு விடுவார்!) 8 மணிக்குக் கால்சியம். டாக்டர் பார்த்துவிட்டு, கால்சியத்தைப் பகல் 1 மணிக்குத் தள்ளச் சொன்னார். இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரமாவது வேண்டுமாம். இல்லாவிட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

இங்கேதான் சகோதரிகளே, கவனம் வேண்டும். '1 மணிக்குச் சொல்லு' என்று புதிதாக ஒன்று சேர்த்தால் பழைய 8 மணியும் அடித்துக் கொண்டிருக்கும். வயதானவர்கள் இரண்டு தரமும் விழுங்கி விடுவார்கள். பட்டியலைத் திறந்து பழையதையே திருத்துங்கள். தேவையில்லாததை அழித்து விடுங்கள்.

திருத்திய கையோடு காலண்டர் பக்கத்தில் தொங்கும் நோட்டிலும் எழுதுகிறேன்: தேதி, மருந்து, பழைய நேரம், புது நேரம், மாற்றியது யார். அடையாறிலிருந்து நாத்தனார் வந்து நாலு நாள் பார்த்துக் கொண்டாலும் குழப்பமில்லை. மாத்திரை போட்டதும் மாமியாரே அதில் ஒரு டிக் அடித்து விடுகிறார்.